இடது கைக்கு ஆள் தேவை

மார்ச் 3, திங்கள்

பல் டாக்டர் வீட்டுப் பியானோவுக்குள்ளிருந்து இன்று ஒரு சீப்பு, இரண்டு பென்சில், ஒரு பால்பல் எடுத்தேன். பல் யாருடையது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. டாக்டருக்கே தெரியவில்லை. சுருதி சேர்த்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. நல்ல வேலை, நல்ல காப்பி. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வந்தால், கூடத்தில் எங்கள் பியானோ முன்னால், என் மனைவிக்குப் பக்கத்தில், அதே பலகையில், மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். போன வாரம் அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது. ஏப்ரல் 5-ஆம் தேதி நூலகத்து மாடி அரங்கில் அவள் வாசிக்க வேண்டும். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு மற்றவர்களின் இசையைச் சொல்லிக்கொடுத்தவள், முதல்முறையாகத் தானே எழுதியது. இரண்டு வருடமாகச் சமையலுக்கும் வகுப்புக்கும் நடுவில் எழுதியது. தள்ளிப்போடலாமே என்றேன். முறைத்தாள். வலது கை இருக்கிறது, இடது கைக்கு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பார்த்துவிட்டாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் சின்ன வயதிலிருந்து வாசிக்கிறவர். தாளம் சுவர்க் கடிகாரம் மாதிரி. ஆக, பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன் பெண்டாட்டிக்கு இடது கை மருந்துக்கடையிலிருந்து வருகிறது. நன்றாயிருக்கிறது கதை!

அவர் போன பிறகு, ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"உங்களுக்குக் காது இருக்குங்க. கால் இல்ல" என்றாள்.

சுருதி பிடிபடும், தாளத்தோடு நடக்க வராது என்கிறாள். உண்மைதான். கல்யாணமான புதிதில் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். நான் ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுவிட்டு, அது சுத்தமாக இருக்கிறதா என்று அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குள் அவள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பாள். ஒருமுறை பாதியில் எழுந்து, பையிலிருந்து சுருதிச் சாவியை எடுத்து ஒரு கம்பியை முறுக்க ஆரம்பித்துவிட்டேன். அன்றோடு சரி. பிறகு கேட்கவே இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வந்தார். பிஸ்கட் வேறு வாங்கி வந்திருக்கிறார்.

மார்ச் 5, புதன்

எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துப் பியானோவை முடித்துக்கொண்டு வெளியே வரும்போது, உடற்பயிற்சிக் கூடத்தின் கதவில் ஒரு தாள்: 'உடம்பால் தாளம் கற்கலாம். பெரியவர்களுக்கு. புதன், சனி மாலை. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்.' கழற்றிவிட்டுப் போய்விட்டேன்!

டீச்சர் நல்ல உயரம், கதவு நிலையில் இடிக்காமல் குனிந்து வருகிறார். எங்கள் ஏழெட்டுப் பேரையும் வட்டமாக நடக்கவிட்டுவிட்டு, மூலையில் இருக்கும் பியானோவை வாசிக்கிறார். வேகமாக வாசித்தால் வேகமாக நடக்க வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும். எண்ணக் கூடாதாம். தாளம் என்பது எண்ணிக்கை இல்லை, உடம்பின் எடை ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குப் போகிற போக்காம். கேட்க அழகாகத்தான் இருந்தது.

எனக்கு ஜோடி, ஓய்வு பெற்ற போக்குவரத்துப் போலீஸ்காரர். இடுப்பு பிடித்துக்கொண்டது, டாக்டர் ஆடச் சொன்னார், அதனால் வந்தாராம். பியானோ நின்றதும் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை நீட்டி எல்லோரையும் நிறுத்துகிறார். நாங்களும் நிற்கிறோம்.

என் தொழிலை அங்கே சொல்லவில்லை. பியானோக்காரனுக்குத் தாளம் வராது என்றால் சிரிக்க மாட்டார்களா? ஆனால் அந்தப் பியானோ இருக்கிறதே — ஐயோ. சுருதி பார்த்து எத்தனை வருடமோ. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வீட்டில், மாலை வேலை ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

மார்ச் 8, சனி

பந்துப் பயிற்சி. தாளத்துக்குத் தட்டிப் பிடித்து ஜோடிக்கு வீச வேண்டும். என் பந்து போலீஸ்காரர் மூக்கில் பட்டது. அபராதம் போடுவேன் என்றார்.

நடையில்தான் மானம் போனது. எல்லோரும் ஒரு பக்கமாக அலை மாதிரி போகிறார்கள், நான் மட்டும் நடுவில் புகுந்த மாடு மாதிரி. டீச்சர் கோபப்படவில்லை. "சார், நீங்க தனியா எங்கயோ போறீங்க. எங்கன்னு தெரிஞ்சா நானும் வருவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழிந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகூடக் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு இங்கே வருவாரா ஒரு மனுஷன்? ஊரில் யாருக்கும் தலைவலியே வராதா?

கூடத்தில் அவர்கள் வாசிக்க, நான் பின்கட்டு நடையில் கைகளை ஆட்டிக்கொண்டு எடையை மாற்றிப் பழகிக்கொண்டிருந்தேன். மகள் கல்லூரிப் பாடத்தை விட்டுவிட்டு எவ்வளவு நேரமாக நின்று பார்த்தாளோ தெரியவில்லை. வயிற்று வலியா அப்பா என்றாள். கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவிடம் மூச்சு விட மாட்டேன், ஆனால் தினமும் எனக்கு ஆடிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். பெற்ற பெண்.

அந்த இசை சுவர் தாண்டி வந்துகொண்டே இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறாள். எனக்கு அந்தப் பலகையில் இடம் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மார்ச் 12, புதன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. சிரிப்பில்தான்.

இன்று எல்லோரையும் ஓரமாக உட்காரவைத்துவிட்டு டீச்சர் என்னை மட்டும் நடக்கச் சொன்னார். நடந்தேன். வாசித்துக்கொண்டே என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகத்தைக் கூட்டினார், நான் கூட்டவில்லை. குறைத்தார், நான் குறைக்கவில்லை. திடீரென்று கையை எடுக்காமல் ஒரே ஒரு கட்டையை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறேன், கொஞ்சமும் பிசகாமல்.

"இவருக்குத் தாளம் இருக்கு. என்னோடது இல்ல. யாரோடதோ" என்றார் மற்றவர்களைப் பார்த்து. பிறகு என்னிடம், "சார், உண்மையச் சொல்லுங்க. எதைக் கேட்டு நடக்கறீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது!

பியானோவில் ஒரு கட்டைக்கு இரண்டு மூன்று கம்பிகள். எல்லாம் ஒரே சுருதியில் நின்றால் ஒரே குரலாகக் கேட்கும். ஒன்று இம்மி விலகினாலும் போதும், சத்தம் பெருகிச் சுருங்கி, பெருகிச் சுருங்கி அலையும். அந்த அலையைக் கேட்டுத்தான் நாங்கள் சுருதி சேர்ப்போம். அலை நின்றால் வேலை முடிந்தது. என் வயதில் பாதி அதைக் கேட்டே கழிந்திருக்கிறது. டீச்சருடைய பியானோவில் நடுக்கட்டை ஒன்று அப்படி அலைகிறது. அவர் பாட்டு வாசிக்கிறார், ஊரே பாட்டுக்கு நடக்கிறது, நான் கெட்டுப்போன கம்பிக்கு நடக்கிறேன்.

தொழிலைச் சொல்லி, இதையும் சொன்னேன். டீச்சர் பியானோவின் மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, கட்டையை அழுத்திக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே ஒரு சிரிப்பு வந்தது. போலீஸ்காரரும் தலையை விட்டார். பிறகு எல்லோரும் வரிசையில் நின்று தலையை விட்டார்கள். கடைசியில் டீச்சர் அந்த ஒரு கட்டையைப் பிடித்துக்கொள்ள, வகுப்பே என்னோடு அந்த அலைக்கு நடந்தது. நான் முன்னால், அவர்கள் பின்னால்! எனக்குக் கால் இருக்கிறது. இத்தனை வருடம் வேறு இடத்துக்கு நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

கால் இருக்கிறது, கால் இருக்கிறது, கால் இருக்கிறது.

மார்ச் 15, சனி

வகுப்புக்கு முன்னாலேயே போய் அந்தப் பியானோவைச் சேர்த்துவிட்டேன். கூலி கேட்கவில்லை, என் காதுக்குச் செய்துகொண்ட உபகாரம்.

அலை போய்விட்டது. டீச்சர் வாசித்தார். நான் நட்ட கம்பம் மாதிரி நிற்கிறேன். பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை! நேற்று வரை இருந்த காலும் போயிற்றே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். டீச்சர் கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு காதிலும் அடைத்தார். போலீஸ்காரரைக் கூப்பிட்டு என் முதுகில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார்.

எங்கோ ரொம்பத் தூரத்தில் பியானோ. முதுகில் ஒரு கனமான கை. அது முன்னால் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன், கால் தானாகப் போய் விழுந்தது. அடுத்த கால். அடுத்தது. பலகைத் தரை உள்ளங்காலில் லேசாக அதிர்ந்தது. யோசிக்க ஒன்றும் இல்லை, கேட்க ஒன்றும் இல்லை. அவர் கை மெதுவானபோது நான் மெதுவானேன். திரும்பினபோது திரும்பினேன். எப்போது அவர் கையை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. பஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் தனியாக, பாட்டோடு, சரியாகப் போய்க்கொண்டிருந்தேனாம்.

ஐம்பதை நெருங்குகிற ஆள். ஓரத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். போலீஸ்காரர் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, போக்குவரத்தைப் பார்ப்பவர் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

தலைகால் புரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் எடையை மாற்றுகிறேன். வெங்காயம் நறுக்கினால் கத்தி நடக்கிறது. துணி துவைக்கிற இயந்திரத்தோடு நானும் மகளும் கொஞ்ச நேரம் ஆடினோம். தண்ணீரை வடிக்க ஆரம்பித்ததும் அது தாளம் மாற்றியது, நாங்களும் மாற்றினோம்!

மார்ச் 22, சனி

இரண்டு விஷயம்.

வகுப்பு முடிந்து மாடிப்படி ஏறி வந்தேன். உள்ளேயிருந்து அவள், "யாருங்க அது?" என்றாள். நான்தான் என்றேன். கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை வருடமாக என் காலடிச் சத்தம் தெரியுமாம், இன்று யாரோ புது ஆள் என்று நினைத்தாளாம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இரண்டாவது, மருந்துக்கடைக்காரர் போன பிறகு அவள் முகம் சரியில்லை. அவள் இசையில் இடது கை நடக்கும், வலது கை பேசும். நடுவில் பேச்சு கொஞ்சம் தயங்கும், நடை அதற்குக் காத்திருக்க வேண்டும். அவர் நிற்க மாட்டேன் என்கிறாராம். தப்பே விடுவதில்லை, ஆனால் காத்திருப்பதும் இல்லை. "நல்ல மனுஷன்தான். ஆனா அவர் நடக்கலீங்க, அணிவகுப்பு போறாரு" என்றாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. எனக்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் பட்டேன்.

மார்ச் 26, புதன்

இடது கையை நான் வாசிக்கட்டுமா என்று அவளிடம் கேட்டேவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், வகுப்பு, பந்து, பஞ்சு. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

இடது கையை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் பக்கம் அருமையாகப் போனது. அருமை என்றால் அருமை! ஓரக்கண்ணால் அவள் என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வைக்கே ஊரை எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது பக்கத்தில் ஒரு கட்டை லேசாக அலைந்தது. ரொம்ப லேசாக. எவனுக்கும் கேட்காது.

எனக்குக் கேட்டது. நின்றுவிட்டேன். என் கை சட்டைப் பைக்குள் போய்ச் சாவியைப் பிடித்திருந்தது.

அவள் பியானோ மூடியைச் சாத்தினாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். திட்டியிருக்கலாம். திட்டித் தொலைச்சிருக்கலாம்ல? ஒரு கம்பி. ஒரே ஒரு கம்பிடா மடையா. அவ ரெண்டு வருஷம் எழுதினதை விடவா உனக்கு அது பெருசாப் போச்சு?

மார்ச் 28, வெள்ளி

மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்து சைகை காட்டிக் கூப்பிட்டார். எரிச்சலோடுதான் போனேன். கல்லாவுக்குப் பின்னால் உட்காரவைத்து, சோடா உடைத்துக் கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்ல. அந்த மெதுவான இடத்துல உங்க வீட்டம்மா நின்னுடறாங்க. எப்பக் கெளம்புவாங்கன்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். கிளம்புவதற்கு முன்னால் அவள் மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுப்பாள். வாசிக்கும்போது மட்டும் இல்லை, சண்டை ஆரம்பிக்கும் முன்பும் அப்படித்தான். சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். எவ்வளவு பெரிய பாரத்தை இறக்கிவைத்த மாதிரி முகம் மலர்ந்தது! அப்படியென்றால் அது உங்கள் இடம் சார், நான் பக்கம் திருப்புகிறேன், அதில் என்னை யாரும் அசைக்க முடியாது என்றார். தலைவலித் தைலம் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். இந்த நல்ல மனிதரைப் பற்றி இந்த நோட்டில் நான் எழுதியதையெல்லாம் யாரும் படிக்காமலிருக்க வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

மருந்துக்கடைக்காரரே வந்து அவளிடம் பேசினார். அவள் என் பக்கம் திரும்பி, நல்ல கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

கொடுத்தேன். கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அவள் அதைத் தன் கைப்பையில் போட்டு மூடினாள்.

உட்கார்ந்தோம். அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். நடுவில் அந்த மாவுக்கட்டுக் கை இடைஞ்சலாக இருந்தது. மருந்துக்கடைக்காரரோடு வாசித்தபோதெல்லாம் அதைக் கழுத்தில் மாட்டிய தூளித்துணியில் மடியோடு ஒடுக்கி வைத்திருந்தாள். இப்போது துணியைக் கழற்றிவிட்டு, அப்படியே தூக்கி என் தோளுக்குப் பின்னால் போட்டாள். செங்கல் கனம். முதுகில் ஒரு கனமான கை!

பிறகு எனக்கு என்ன பயம்? அவள் சாய்ந்தால் சாய்ந்தேன். அவள் தயங்கும் இடத்தில் அந்தக் கனம் தயங்கியது, நானும் ஒரு கால் தூக்கினவன் மாதிரி நின்றேன். மூச்சு இழுத்தாள். போனோம். கட்டை அலைந்தது. அலையட்டும் என்று போனோம். கடைசிச் சுரம் வரைக்கும் போனோம், மருந்துக்கடைக்காரர் திருப்ப ஒரு பக்கமும் இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டே நின்றார். மகள் சோபாவில் ஏறிக் குதித்தாள். நானும் ஏறிக் குதித்தேன். இவள் மட்டும் குதிக்கவில்லை, கட்டுப் போட்ட கையோடு குதிக்கக் கூடாதாம். ஆனால் வாயெல்லாம் பல்.

ஏப்ரல் 5, சனி

காலையில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சாவி கிடைத்தது. நூலகத்துப் பியானோவைச் சேர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாலை. அரங்கு நிறைந்திருந்தது. டீச்சர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தும் எல்லோருக்கும் மேலே தெரிந்தார். போலீஸ்காரர் வாசலில் நின்று, கேட்காமலே கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மேடைக்குப் போகும்போது அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"காது, இன்னிக்கு நான் எங்க போனாலும் வருவீங்கள்ல?" என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்படிக் கூப்பிடுகிறாள், கல்யாணமான புதிதில் வைத்த பேர்.

இரண்டாவது பக்கத்தில் ஒரு கம்பி இறங்கியது. காலையில் நானே முறுக்கிய கம்பி! அலைய ஆரம்பித்தது. எனக்குத் தெரியும், என் மாதிரி ஆட்கள் சபையில் இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்கும் தெரியும். கால் ஒரு நொடி அந்தப் பக்கம் போகப் பார்த்தது. தோளில் கனம் அழுத்தியது. அவள் பக்கம் போனேன்.

நடுவில், அந்தத் தயங்கும் இடத்தில், அவள் நின்றாள். வீட்டில் நின்றதைவிட ரொம்ப நேரம் நின்றாள். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் அவளுடைய மூச்சுக்காகக் காத்திருந்தேன். எனக்கு அவசரமே இல்லை. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சந்தோஷமாக ஒன்றும் செய்யாமல் இருந்ததில்லை. அப்புறம் அந்தச் சின்ன மூச்சு. நடந்தோம்.

கைதட்டல் எவ்வளவு நேரம் என்று மகளைக் கேட்க வேண்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே!

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் முதல் வேலையாகச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய், காவலாளியை எழுப்பி, அந்தக் கம்பியைச் சேர்த்துவிட்டு வந்தேன். சும்மா விடுவேனா?

ஏப்ரல் 16, புதன்

மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. கை மெலிந்து, வெளுத்து, குழந்தைக் கை மாதிரி இருக்கிறது. விரல் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்றார் டாக்டர், இனி தாராளமாக வாசிக்கலாமாம். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். வரும் வழியெல்லாம் தோள் மட்டும் லேசாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மாலையில் நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பியானோ மூடி திறக்கும் சத்தம். இரண்டு கையாலும் ஏறி இறங்கிப் பார்த்தாள். கொஞ்சம் தடுமாறியது, பிறகு சரியாகிவிட்டது. இனி அவளுக்கு யாரும் வேண்டாம். கத்தி நடந்துகொண்டிருந்தது.

பிறகு சத்தம் நின்றது. நிற்கக் கூடாத இடத்தில். எட்டிப் பார்த்தேன்.

அவள் பலகையின் வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது பாதி காலி. திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கி, அங்கே ஒரு தோள் இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுத்தாள்.

வெங்காயம் பாதியில் கிடக்கிறது.